மார்பகப் புற்றுநோய்: மலையிலிருந்து கீழே இறங்கி வைத்தியம் பார்க்கும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கோத்தகிரிப் பக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது கட்டி என்று தெரிந்தால் எனக்குப் போன் வந்துவிடும், கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிற வழியில்கூட ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள், கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் இங்கே.

டாக்டர் என் வீட்டுக்காரரிடமும் மகனிடமும்தான் பேசுகிறார். என்னிடம் "பயப்படாதீங்கம்மா" என்பதோடு சரி. நானே கேட்டால் தப்பா?

தப்பே இல்லை, கேளுங்கள். பாதி நேரம் இது டாக்டரின் வேலை இல்லை, நம் வீட்டு ஆட்கள் முன்னாடியே உள்ளே போய் "அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க சார், தாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் ஊசி ஏறப்போவது உங்கள் கையில். முதல் தடவை பார்க்கும்போதே "ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதை என்னிடமே சொல்லுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலான டாக்டர்கள் நாற்காலியை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாக ஏன் முக்கியம் என்றால், கீமோ கொடுத்த டாக்டர் கோயம்புத்தூரில் இருப்பார், உங்களுக்குக் காய்ச்சல் ராத்திரி பதினோரு மணிக்கு இங்கே வரும். வீட்டுக்காரர் ஃபேக்டரி ஷிஃப்டில், மகன் திருப்பூரில். பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது "என்ன மருந்து ஏத்தினாங்க, எப்ப ஏத்தினாங்க?" என்றுதான். அதற்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விருப்பமில்லை, வேண்டியதை மட்டும் சொன்னால் போதும் என்று நினைக்கும் பெண்களும் உண்டு. அதுவும் சரிதான், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நான்கு விஷயம் மட்டும் தெரிந்திருக்கட்டும்: என்ன வகைக் கட்டி, என்ன மருந்து, கடைசியாக ஏற்றிய தேதி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது.

ஃபைலில் என்னென்ன இருக்க வேண்டும்?

பயாப்ஸி (சதை எடுத்துப் பார்த்த) ரிப்போர்ட், அதோடு வரும், கட்டியின் வகையைச் சொல்லும் ஐ.எச்.சி. ரிப்போர்ட், ஆபரேஷன் நோட்ஸ், ஆபரேஷனுக்குப் பிறகு கட்டியை முழுசாகப் பரிசோதித்த ரிப்போர்ட், ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ சார்ட், இதயத்துக்கு எடுத்த எக்கோ, ரத்தப் பரிசோதனைகள். ஸ்கேன் ஃபிலிம் பெரிதாக இருக்கும், அதை வீட்டில் வைத்துவிட்டு எழுத்தில் உள்ள ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போனாலும் பெரும்பாலும் நடக்கும். இதெல்லாம் ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபோல்டரில் இருக்கட்டும். துணிக்கடைப் பையில் ரிப்போர்ட் கொண்டு போய் ஜூலை மழையில் நனைந்து, மை கலைந்து, ஹெர் 2 பாசிட்டிவா நெகட்டிவா என்று படிக்க முடியாமல் ஒரு அக்கா திரும்ப லேபுக்கு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். மேலே ஒரே ஒரு வெள்ளைத்தாள்: பெயர், வயது, ரத்த வகை, நோயின் வகை, மருந்தின் பெயர், கடைசி தேதி, எந்தப் பக்கம் ஆபரேஷன், சுகர் பிரஷர் மாத்திரைகள், கீமோ வார்டு போன் நம்பர். அந்தத் தாளை மட்டும் போனில் படம் பிடித்து, பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் காகிதம் தர மாட்டேன் என்றால், 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். சண்டை போட வேண்டாம், ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வேறு டாக்டரிடம் அபிப்பிராயம் கேட்பதாக இருந்தால் பயாப்ஸியில் எடுத்த சதையை வைத்திருக்கும் பிளாக்கும் ஸ்லைடும்கூட வாங்கிப் போகலாம், மறுபடி சதை எடுக்கத் தேவைப்படாது.

எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டுவிட வேண்டுமா?

முடியாது. அன்றைக்குக் "கேன்சர்" என்ற சொல்லுக்கு அப்புறம் டாக்டர் சொன்ன எதுவும் காதில் ஏறியிருக்காது, எல்லோருக்கும் அப்படித்தான். முதலில் மனசு கேட்பது பிழைப்பேனா, பரவியிருக்கிறதா என்பதுதான். கீமோ ஆரம்பித்ததும் வாந்தி, முடி, காய்ச்சல் பற்றிக் கேட்கத் தோன்றும். எல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கை வீக்கம், வேலை, மகளுக்கு வருமா, புருஷனோடு எப்படி இருப்பது என்பதெல்லாம் வரும், அந்த நேரத்தில் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்திருக்கும். தோன்றும்போதெல்லாம் நோட்டில் எழுதி வையுங்கள். உள்ளே போனதும் முக்கியமான மூன்றை முதலில் கேளுங்கள், ஏனென்றால் நான்காவதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர் 2 என்று இருக்கிறதே, அது என்ன?

ஸ்டேஜை விட இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்பேன், ஏனென்றால் என்ன மருந்து என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது.

ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் என்றால் அந்தக் கட்டி பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. அதனால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்யும், பல வருடம் சாப்பிட வேண்டியிருக்கும். ஹெர் 2 என்பது செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ், 2+ என்றால் இரண்டும் கெட்டான், ஃபிஷ் என்று இன்னொரு பரிசோதனை செய்துதான் முடிவாகும். அந்தப் பரிசோதனையைக் காசு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி உண்டு, வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஒரு வருடம், நடுநடுவே இதயத்துக்கு எக்கோ. மூன்றுமே நெகட்டிவ் என்றால் டிரிப்பிள் நெகட்டிவ். அதற்கு ஹார்மோன் மாத்திரை பயன்படாது, கீமோதான் முதன்மை.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. மைக்ரோஸ்கோப்பில் அந்த செல் எவ்வளவு முரடாகத் தெரிகிறது என்பது கிரேடு, 1 முதல் 3 வரை. உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ், 1 முதல் 4 வரை. கிரேடு 3 என்று பார்த்துவிட்டு மூன்றாம் ஸ்டேஜ் என்று நினைத்து இரண்டு நாள் அழுதவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. ஊசி போடாமல் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால்தான் பரவும்.

முழு மார்பையும் எடுத்தால்தான் பாதுகாப்பா?

ஆரம்ப நிலையில், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுப்பதும் முழு மார்பை எடுப்பதும் உயிர் பிழைப்பதில் சமம் என்று பல வருட ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். கட்டியின் அளவு, எத்தனை இடத்தில் இருக்கிறது, மார்பின் அளவு இதையெல்லாம் பார்த்து டாக்டர் சொல்வார். நம் பக்கம் ஒரு கணக்கு ஓடுகிறது: "முழுசா எடுத்துட்டா கரண்ட் (ரேடியேஷன்) வைக்க வேண்டாம், கீழே போய்த் தங்க வேண்டாம்." இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ கட்டி பெரிதாக இருந்தாலோ முழுசாக எடுத்த பிறகும் ரேடியேஷன் வரலாம். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே "இரண்டு வழியிலும் எனக்கு ரேடியேஷன் வருமா?" என்று நேராகக் கேளுங்கள். அக்குள் நெறியை எல்லாம் எடுக்கப் போகிறார்களா, முதல் நெறியை மட்டும் எடுத்துப் பார்க்கப் போகிறார்களா என்பதையும் கேளுங்கள், பின்னால் கை வீக்கம் வருவதும் வராததும் பெரிய அளவில் அதைப் பொறுத்தது.

சிகிச்சை ஊட்டியிலேயே முடியுமா? செலவுக்கு என்ன செய்வது?

பரிசோதனை, ரத்த டெஸ்ட், காய்ச்சலுக்கு அட்மிட் ஆவது, கட்டுப் பிரிப்பது இதெல்லாம் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தாலுகா ஆஸ்பத்திரியிலோ பார்த்துக்கொள்ளலாம். ரேடியேஷனுக்கு கோயம்புத்தூர்தான். கூடலூர், பந்தலூர்க்காரர்களில் பலர் கோழிக்கோடு போகிறார்கள், மைசூருக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் தமிழ்நாட்டுக் காப்பீடு அங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். கட்டி என்று சந்தேகம் வந்த வாரமே கார்டு வேலையை முடித்துவிடுங்கள், ஆபரேஷன் தேதி கொடுத்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைந்தால் தேதி தள்ளிப்போகும். எந்த மருந்து திட்டத்தில் வரும், எது நம் கையிலிருந்து என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் முதலிலேயே கேளுங்கள்.

சென்னை அடையாறு போக வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அந்த ஆஸ்பத்திரி மேல் நம் ஜனங்களுக்கு இருக்கும் நம்பிக்கை நியாயமானதுதான், இருந்தாலும் மார்பகப் புற்றுநோய்க்கான வழக்கமான சிகிச்சை முறை கோயம்புத்தூரிலும் சென்னையிலும் ஒன்றுதான். போவதாக இருந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரி கையெழுத்து வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

கீமோ முடிந்து அன்றைக்கே மலை ஏறலாமா? பாதி வழியில் வாந்தி வருகிறது.

ஏறுகிறவர்கள் நிறைய. ஆனால் முதல் கீமோவுக்கு மட்டுமாவது ஒரு ராத்திரி கீழே தங்குங்கள், உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். கல்லாறு தாண்டினாலே வாந்தி எடுக்கும் ஆள் நீங்கள் என்றால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லாமல் அவருக்கு நம் கொண்டை ஊசி வளைவுகள் நினைவுக்கு வராது. வாந்தி மாத்திரையை எப்போது போடுவது, பஸ்ஸுக்கென்று வழக்கமாகப் போடும் மாத்திரையைச் சேர்த்துப் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன் சீட், ஜன்னல் ஓரம், காலி வயிறும் வேண்டாம், முட்டச் சாப்பிடவும் வேண்டாம்.

இன்னொன்று. ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த டெஸ்டை முந்தின நாளே இங்கே எடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வார்டு சிஸ்டருக்கு அனுப்பி, வரச் சொன்ன பிறகு வண்டி ஏறுங்கள். இதற்குச் சம்மதிக்கிறீர்களா என்று ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீசன் மாதங்களில் ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்கள், ஐப்பசி மழையில் குன்னூர் ரோட்டில் மண் சரியும், இரண்டுக்கும் சேர்த்து நேரம் வைத்துக் கிளம்புங்கள். சொந்தக்காரர் கோயம்புத்தூர் காரில் கொண்டுவந்து விடுவதாக இருந்தால் அந்த வண்டிக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள்.

கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் ஒரு டோலோ போட்டுப் படுத்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காமல் விட்டாலும் இதைப் படியுங்கள்.

கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்தச் சமயத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் அது அவசரம், காலை வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகலாம், நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் உடனே ஏற வேண்டும். பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்கியது போலத் தெரியும், உள்ளே கிருமி வேலை பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால் முதலில் தெர்மாமீட்டர், பிறகு வார்டுக்குப் போன், அவர்கள் சொன்னால் மட்டும் மாத்திரை. குளிர் நடுக்கம் வந்து காய்ச்சல் ஏறாவிட்டாலும் போன் செய்யுங்கள். ஊட்டிக் குளிரில் நடுங்குவதும் இந்த நடுக்கமும் வேறு: கம்பளி போர்த்தி அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாலும் பல் கிட்டித்துக்கொண்டே இருந்தால் அது குளிர் இல்லை.

பகலிலேயே திட்டம் போட்டு வையுங்கள். ராத்திரி யார் வண்டி எடுப்பார், 108க்குச் சொன்னால் உங்கள் வீட்டு வரை வண்டி வருமா, ரோடு வரை தூக்கி வர வேண்டுமா, வழியில் யானையோ காட்டு மாடோ கரடியோ நிற்கும் இடம் எது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் யோசிக்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போய்விடும். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி வரிசையில் உட்காராதீர்கள். "கீமோ எடுத்துக்கிட்டு இருக்கேன், காய்ச்சல் வந்திருக்கு" என்று சேர்த்துச் சொல்லி அந்த வெள்ளைத்தாளை நீட்டுங்கள்.

வெள்ளை அணுவுக்கு ஊசி கொடுத்து வீட்டில் போடச் சொல்கிறார்கள். இங்கே இருக்கிற குளிருக்கு வெளியே வைத்தால் ஆகாதா?

ஆகாது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். டிசம்பர் ராத்திரியில் உறைபனி விழும், பகல் வெயிலில் அதே ஜன்னல் சூடாகும், இரண்டுமே மருந்துக்கு ஆகாது. ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், ஃப்ரீசரை ஒட்டாமல் வையுங்கள். கீழிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பையோடு, ஆனால் ஐஸ் நேராக ஊசியில் படாமல் நடுவே ஒரு துணி. மழைக்காலத்தில் இரண்டு நாள் கரண்ட் இல்லாத ஊர் என்றால் பக்கத்து மருந்துக்கடை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லலாம்.

முடி கொட்டுமா?

பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்க் கீமோவில் கொட்டும், முதல் ஊசிக்கு இரண்டு மூன்று வாரத்தில். பிறகு வளரும். நம் ஊரில் ஒரு வசதி, பாதிப் பேர் வருடம் முழுக்கக் குல்லா போட்டிருக்கிறார்கள், படுகர் ஊர்களில் பாட்டிமார் தலையில் வெள்ளைத்துணி கட்டியிருப்பார்கள், உங்களை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. சிவப்பு மருந்து ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை.

விரல் மரத்துப் போகிறது. குளிராலா?

பாக்லிடாக்செல் போன்ற கீமோ மருந்தாலும் இருக்கலாம். சட்டைப் பட்டன் போட முடியாமல் தடுமாறினால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார்கள். மரத்த கையோடு கணப்பில் குளிர் காய்வது, வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்குவது இரண்டும் ஆபத்து, தோல் வெந்தாலும் தெரியாது. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

என்ன சாப்பிடலாம்? முள்சீத்தா, வேர், கஷாயம்?

சாதாரண வீட்டுச் சாப்பாடுதான். ராகிக் களி, அவரைக் குழம்பு, முட்டை, மீன், தயிர், பருப்பு, எதுவும் விலக்கில்லை. சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும் என்று ஒரேயடியாக நிறுத்தி உடம்பு இளைத்துப் போக வேண்டாம். கேரட்டும் முட்டைக்கோஸும் தோட்டத்திலிருந்து பிடுங்கி அப்படியே கடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு, கீமோ காலத்தில் அதை நிறுத்தி வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

முள்சீத்தா இலை புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு மனிதர்களிடம் நிரூபணம் எதுவும் இல்லை. சமையலில் மஞ்சள் மிளகு இருப்பது பிரச்சினை இல்லை, கேப்ஸ்யூலாகவும் கஷாயமாகவும் எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், சில மருந்துகளோடு மோதும், கல்லீரலைக் கெடுக்கும். அவர் திட்டுவார் என்று மறைப்பவர்கள் அதிகம். திட்டினால் திட்டட்டும்.

ரேடியேஷன் எத்தனை நாள்? பேரனைத் தூக்கலாமா?

தூக்கலாம். வெளியிலிருந்து கொடுக்கும் ரேடியேஷன் உடம்பில் தங்காது, யாருக்கும் பரவாது. புற்றுநோயே தொற்று வியாதி இல்லை, தனித் தட்டு தனி டம்ளர் எல்லாம் தேவையில்லாத வேலை.

பலருக்கு வாரம் ஐந்து நாளாக மூன்று வாரம், சிலருக்கு ஐந்து வாரம் வரை, சில இடங்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவையாக முடிக்கிறார்கள். தினம் ஏறி இறங்குவது முடியாத காரியம், ஆகவே "எனக்குக் குறைந்த நாள் முறை பொருந்துமா?" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். தங்க இடத்துக்கு ஆஸ்பத்திரி சமூகப்பணியாளரைக் கேளுங்கள். மலை ஆளுக்குக் கோயம்புத்தூர் சித்திரை வெயில் தாங்காது, வியர்வையில் மார்புக்குக் கீழே மடிப்பில் தோல் உரியும், தளர்ந்த பருத்தி ரவிக்கை போதும். போட்டிருக்கும் மார்க்கைத் தேய்த்துக் கழுவக் கூடாது. வலிக்கிறது என்று அந்த இடத்தில் யூகலிப்டஸ் தைலம் தடவுகிறவர்கள் நம் ஊரில் மட்டும்தான் இருப்பார்கள். தயவுசெய்து வேண்டாம், புண்ணாகிவிடும்.

திரும்பக் கொழுந்து பறிக்கப் போகலாமா? கை வீங்கிவிடும் என்கிறார்களே.

போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படிப்படியாகத்தான். அக்குள் நெறி எடுத்த பக்கம் நீர் வடியும் பாதை குறைந்துபோவதால் கை வீங்கலாம், அது ஆபரேஷன் முடிந்த வருடத்திலும் வரும், பல வருடம் கழித்தும் வரும். முதல் அடையாளம் சின்னதாகத்தான் இருக்கும்: மோதிரம் இறுகும், வளையல் ஏறாது, ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிக்கும், கை கனக்கும். அப்போதே ஃபிசியோவிடம் போனால் கட்டுக்குள் வைக்கலாம், யானைக்கால் மாதிரி ஆன பிறகு போனால் கஷ்டம்.

கையை அசைக்காமல் வைத்திருந்தால் நல்லது என்று நினைப்பது தவறு. ஆபரேஷன் செய்த இடத்தில் நீர் வடிய வைத்த டிரெயின் குழாயை எடுத்ததும் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யாவிட்டால் தோள் இறுகி, உயரத்தில் இருக்கும் டப்பாவைக்கூட எடுக்க முடியாது. பாரம் தூக்குவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் கெடுதல் இல்லை. ஆனால் முதல் நாளே முழு இலைச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறுவதும், அதிரும் பறிக்கும் மெஷினைப் பிடிப்பதும் வேண்டாம். எஸ்டேட்டில் என்றால் டாக்டர் கடிதம் வாங்கிக் கொடுத்து, கொஞ்ச நாளைக்கு நர்சரியிலோ களை எடுக்கவோ விடச் சொல்லிக் கேளுங்கள், எந்தக் கை, எத்தனை மாதம் என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கட்டும்.

செடியில் விரல் கீறுவது தினம் நடப்பதுதான், நமக்கு அது காயமே இல்லை. இனி காயம். கையுறை போடுங்கள், கீறினால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாட்டிக் வேண்டும். ரத்தம் எடுக்க, பிரஷர் பார்க்க மற்ற கையைக் கொடுங்கள். உயிருக்கு அவசரம் என்றால் எந்தக் கையானாலும் சரி.

ஒரு பக்கம் இல்லாமல் வெளியே போக வெட்கமாக இருக்கிறது.

சிலிக்கானில் செய்தது கடையில் கிடைக்கும், விலை அதிகம், தையல் நன்றாக ஆறிய பிறகுதான் போட முடியும். அதுவரைக்கும், சிலருக்கு எப்போதைக்குமே, பின்னிய மார்பகம் போதும். நம் ஊரில் ஸ்வெட்டர் பின்னத் தெரிந்த பெண்களுக்கா பஞ்சம்? உல்லன் வேண்டாம், தழும்பில் குத்தும், பருத்தி நூலில் வட்டமாகப் பின்னி, நடுவில் லேசாக மேடு வைத்து, தலையணைக்குள் போடும் ஃபைபர் பஞ்சை அடைக்க வேண்டியதுதான். பின்பக்கம் சின்னத் திறப்பு விட்டால் பஞ்சைக் கூட்டவும் குறைக்கவும் துவைக்கவும் முடியும். எதுவுமே வைக்காமல் சால்வை போர்த்திக்கொண்டு போவதும் உங்கள் இஷ்டம்.

மாத்திரை ஐந்து வருடமா? நன்றாகத்தானே இருக்கிறேன், நிறுத்தினால் என்ன?

ஹார்மோன் பாசிட்டிவ் நோய் பல வருடம் கழித்தும் திரும்பும் குணம் உள்ளது, அதற்குத்தான் 5 வருடம், சிலருக்கு 10 வரை. மாதவிலக்கு நிற்காதவர்களுக்குப் பொதுவாக டாமாக்சிஃபென், நின்றவர்களுக்கு லெட்ரசோல் அல்லது அனஸ்ட்ரசோல். டாமாக்சிஃபெனில் திடீர்ச் சூடும் வியர்வையும் வரும், அதைச் சகித்துக்கொள்ளலாம். ஆனால் விலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் உடனே காட்டுங்கள். லெட்ரசோலில் மூட்டு வலி, காலையில் கை மடக்க முடியாது, எலும்பும் தேயும், ஆகவே எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். வலி தாங்காமல் சத்தமில்லாமல் நிறுத்திவிடாதீர்கள், மாற்று மாத்திரை இருக்கிறது. எப்போதும் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வீட்டில் இருக்கட்டும், ரோடு எப்போது அடைபடும் என்று யாருக்கும் தெரியாது.

புருஷன் பொண்டாட்டி உறவு?

தடையில்லை. கீமோ ஏற்றிய சில நாட்களுக்கு ஆணுறை. விலக்கு நின்றுவிட்டது, கரு தங்காது என்று நினைக்காதீர்கள், தங்கலாம், கீமோவிலும் டாமாக்சிஃபெனிலும் அது குழந்தைக்கு ஆபத்து. கருத்தடைக்கு ஹார்மோன் மாத்திரை கூடாது, காப்பர் டி போடலாமா என்று கேளுங்கள். இனிமேல் குழந்தை வேண்டும் என்கிற வயது என்றால் அதைக் கீமோவுக்கு முன்பே சொல்லுங்கள், பிறகு சொன்னால் வழிகள் குறைந்துவிடும். வறட்சியும் வலியும் வருவது மருந்தால்தான், அதற்கும் வைத்தியம் உண்டு. லேடி டாக்டரையோ சிஸ்டரையோ தனியாகக் கேட்கலாம்.

என் மகளுக்கு வருமா? கல்யாணம் பேசுகிறோம்.

பரம்பரை மரபணுவால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். உங்களுக்குச் சின்ன வயதில் வந்திருந்தால், டிரிப்பிள் நெகட்டிவ் என்றால், குடும்பத்தில் இன்னும் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்திருந்தால் பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள், முதலில் நோய் வந்தவருக்குத்தான் எடுப்பார்கள். அப்பா வழியிலும் வரும், அத்தைமாரையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், இந்த நோய் வரும் நூறு பேரில் ஒருவர் ஆண். கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பரிசோதனையை எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் அவள் தெரிந்துகொள்ளட்டும்.

திரும்ப வந்துவிட்டதா என்று வருடா வருடம் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டாமா?

தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு வேண்டாம் என்பதுதான் பொதுவான நடைமுறை. டாக்டர் கையால் பார்ப்பது, வருடம் ஒரு மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அவ்வளவே. நீங்கள் கவனிக்க வேண்டியது: தழும்பிலோ அக்குளிலோ புதுக் கட்டி, இரண்டு மூன்று வாரமாக விடாத எலும்பு வலி அல்லது இருமல், மூச்சிரைப்பு, புதிதாகத் தலைவலி, கண் மஞ்சள். முதுகு வலியோடு கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. "ஏற்ற இறக்கத்தில் நடந்தது, பிடிப்பு" என்று தைலம் தேய்த்து நாள் கடத்தாதீர்கள்.

நாலாம் ஸ்டேஜ் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு எத்தனை வருடம்?

புள்ளிவிவரத்தில் "ஐந்து வருடம்" என்று பார்த்தால், ஐந்து வருடத்தில் ஆள் போய்விடும் என்று அர்த்தமில்லை, ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணியது, அவ்வளவுதான். நாலாம் ஸ்டேஜைப் பொதுவாக முழுசாக அழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம், எலும்பில் மட்டும் இருக்கும் ஹார்மோன் பாசிட்டிவ் நோயோடு மாத்திரையில் பல வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: இந்த மருந்து எதற்காக, வேலை செய்கிறது என்று எப்போது தெரியும், செய்யாவிட்டால் அடுத்தது என்ன, நான் வேண்டாம் என்றால் என்ன ஆகும்? வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் கடைசி நேரம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வலி இருக்கிறது என்று அர்த்தம். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரண நர்ஸ் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை, யாரிடமும் பேசவும் முடியவில்லை.

14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ், இருபத்து நாலு மணி நேரமும், தமிழில் பேசுவார்கள், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உடம்பு சம்பந்தமான சந்தேகத்துக்கு 104. காப்பீட்டுக்கு 1800 425 3993. காய்ச்சலுக்கு மட்டும் இவை எதுவும் இல்லை, நேராகக் கீமோ வார்டுக்குப் போன், வண்டிக்கு 108.